கட்டாயமும் இயன்றவரையும்

குழந்தைகள் நலச் சங்கத்தில் அவளுக்கு மசோதாக்காரி என்று பெயர். சட்டசபையில் பிள்ளை, குடும்பம், தத்து என்று எந்தச் சொல் அடிபட்டாலும் அந்த மசோதா அவள் மேசைக்கு வந்துவிடும். வரி வரியாகப் படித்து, எதை மாற்றியிருக்கிறார்கள் என்று சங்கத்துக்குச் சொல்வது அவள் வேலை. ஒன்பது வருடமாகப் படிக்கிறாள். இத்தனை வருடத்தில், படித்துவிட்டுக் கையைத் தூக்கிய உறுப்பினர்களை எண்ண அவளுக்கு ஒரு கை போதும். அதிலும் விரல் மிச்சமிருக்கும்.

இந்த முறை வந்தது காப்பக மசோதா. பெற்றோர் வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு எங்கே, எப்படி வைத்துக்கொள்வது என்பது பற்றியது. முன்னுரையில் 'பிஞ்சு நெஞ்சங்கள்' என்று நான்கு இடத்தில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவள் பேனாவைத் திறந்துகொண்டாள். இப்படி உருகுகிறார்கள் என்றால் எங்கேயோ கை வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வைத்துத்தான் இருந்தார்கள். 'கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது' என்றது பழைய சட்டம். 'கூடப்பிறந்தவர்களை இயன்றவரை பிரிக்காமல் வைக்கலாம்' என்றது புதியதன் பதினான்காம் பிரிவு.

சங்கத் தலைவரிடம் கொண்டுபோனாள். மந்திரியோடு தான் நிற்கும் புகைப்படத்தைச் சுவரில் நேராக்கிக்கொண்டிருந்தார் அவர்.

"ஒரு வார்த்தைதானேம்மா?"

"ஒரு வார்த்தைதான் சார். அண்ணன் ஒரு ஊருக்கும் தங்கச்சி ஒரு ஊருக்கும் போறதுக்கு அது போதும்."

"மந்திரி நமக்கு வேண்டியவரு. பக்குவமாப் பேசு."

மசோதாவை ஆராயும் சட்டசபைக் குழுவின் கூட்டம் காலை பதினொரு மணிக்கு. நீள மேசை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒன்பது உறுப்பினர்கள் முன்னாலும் மசோதா, அச்சகத்திலிருந்து வந்த மொடமொடப்பு மாறாமல் கிடந்தது. ஒருவர் அதன்மேல் டீக் கோப்பையை வைத்திருந்தார். குழுத் தலைவர் தன் பேத்தியின் மழலையைப் பற்றி ஆறு நிமிடம் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மசோதாக்காரிக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்.

"இயன்றவரைன்னா எவ்வளவுங்க? யாரு அளக்கறது?" என்று கேட்டாள்.

"அந்தந்த அதிகாரி முடிவு பண்ணுவாரு," என்றார் சட்டத்துறைக்காரர்.

"நான் முன்னாடி ஒரு காப்பகத்துல சேர்க்கைப் பதிவேடு எழுதினவ. சாயங்காலம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க நாலு பேரை அழைச்சிட்டு வருவாங்க. வேற காப்பகத்துக்கு அனுப்பணும், வண்டியில மூணு பேருக்குத்தான் இடம்னா, அன்னிக்கு இயன்றது மூணுதான். நாலாவது வாசல்ல நின்னு கத்தும். பழைய சட்டம் இருந்ததால, இன்னொரு வண்டி வர்ற வரைக்கும் நாங்க யாரையும் அனுப்பல."

"சட்டம்னா கொஞ்சம் நெளிவு சுளிவு வேணும்மா," என்றார் குழுத் தலைவர், பால்குடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"அப்ப முப்பத்தோராம் பிரிவுல ஏன் அது இல்லீங்க?"

ஒன்பது பேரும் அவசரமாகப் புரட்டினார்கள். டீக் கோப்பைக்காரருக்கு மூன்று பக்கம் ஒட்டிக்கொண்டது. அவர்களைக் காக்க வைக்காமல் அவளே உரக்கப் படித்தாள்: "ஒவ்வொரு காப்பகத்தின் முன்கூடத்திலும் துறை மந்திரியின் படம் கட்டாயம் மாட்டப்பட வேண்டும்."

படித்துவிட்டு மசோதாவை மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு வார்த்தையையும் இடம் மாத்திடுங்க. பிள்ளைங்களைப் பிரிக்காம இருக்கறது கட்டாயம். படம் இயன்றவரை."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிருபர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் பேச்சு.

ஒரு வாரம் கழித்துச் சங்கத் தலைவர் துள்ளிக்கொண்டு வந்தார். "ஜெயிச்சுட்டோம்! உன் ஆட்சேபணையை ஏத்துக்கிட்டாங்க. மந்திரிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுது."

திருத்திய மசோதாவை வாங்கிப் பார்த்தாள். முப்பத்தோராம் பிரிவில், மந்திரியின் படம் இப்போது இயன்றவரை மாட்டப்பட வேண்டும். பதினான்காம் பிரிவில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. படத்துக்காக வெட்கப்படத் தெரிந்தவர்களுக்குப் பிள்ளைகளுக்காக வெட்கப்படத் தெரியவில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காறித் துப்பலாம் போலிருந்தது.

"நன்றியை நீங்களே எழுதிக்கங்க சார்," என்றாள்.

சட்டசபையில் அது நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தாள். வலது கையைத் தூக்கியபடி இடது கையால் போனைத் தடவிக்கொண்டிருந்தவர்களே அதிகம். கை தூக்கிய ஒவ்வொருவர் பெயரையும் தொகுதியையும் குறித்துக்கொண்டாள். பிறகு, மேலே பதினான்காம் பிரிவு, கீழே அந்தத் தொகுதி உறுப்பினரின் பெயர் என்று ஒரு பக்கத் தாள் அடித்து, அவரவர் தொகுதியிலுள்ள பள்ளிகளுக்கும் காப்பகங்களுக்கும் அனுப்பினாள். சங்கத் தலைவர் தலையிலடித்துக்கொண்டார். மந்திரி அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாம் வாரம் ஓர் உறுப்பினர் அவளைக் கூப்பிட்டார். குரல் கொதித்தது.

"எங்க ஊர்ல பள்ளிக்கூட வாசல்லயே தாய்மாருங்க என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்க. ஏன்மா என் பேரைப் போட்டீங்க?"

"நீங்க கை தூக்கினீங்களே."

"என்ன ஏதுன்னு தெரியாமத்தாம்மா தூக்கினேன்!"

"சரிங்க," என்றாள் மசோதாக்காரி, பேனாவை எடுத்தபடி. "அதையும் சேர்த்துப் போட்டுடறேன்."