இடது பொத்தானில் ஒரு மரச்சில்லு

மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர், கம்பெனிக்குத் தரவேண்டிய கடன் பதினெட்டாயிரத்து நானூறு. மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்கு முன்பணமாக வாங்கியது. அந்தத் தொகை எழுதிய பேரேடு மேனேஜரின் மேசைமேல் விரிந்து கிடந்தது. பக்கத்தில், சாட்சியாக அவர் கையெழுத்துப் போடவேண்டிய, டைப் அடித்த ஒரு தாள். பிட்டர் அரைமணி நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தகடு அமுக்கும் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். கை உள்ளே சிக்காது. இடது பொத்தானை அமுக்கி ஒரு மரச்சில்லைச் செருகிவிட்டால் ஒரு கை போதும், மற்றக் கை தகடு வைக்கும். நாளுக்கு அறுநூறு தகடு தொள்ளாயிரமாகும். மேனேஜர் சொல்லித்தான் எல்லா மெஷினுக்கும் சில்லு சீவிச் செருகினார் பிட்டர். திங்கட்கிழமை, நாலாம் மெஷினில் வேலை பார்த்த, எல்லாரும் ஒல்லி என்று கூப்பிடும் தொழிலாளிக்கு நான்கு விரல் போயிற்று.

"படிச்சிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

பிட்டர் நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவர். வரியின்மேல் விரலை ஓட்டினார். 'தடுத்தும் கேளாமல் தொழிலாளியே சில்லைச் செருகினார்.'

"சார், செருகுனது நான். சொன்னது நீங்க."

"அப்ப உங்க பேரப் போட்டுரவா? ஆப்ப அசைச்ச குரங்கு கதையாயிடும், பாத்துக்குங்க. கடன இன்னிக்கே வச்சிட்டுக் கணக்கு முடிச்சுக்குங்க. வீட்ல இன்னும் தையல் பிரிக்கலையாமே?"

"அவனுக்கு நஷ்டஈடு வராதே, சார்."

"அவன் தப்புன்னா எப்படி வரும்?"

காலையில் கேட்டில் ஒல்லியின் மனைவி அவரை மறித்திருந்தாள். "அண்ணே, 'பிட்டரண்ணன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவரு வாயில பொய் வராது'ன்னு ஆஸ்பத்திரியில இதையேதான் சொல்லிட்டிருக்காரு."

"வந்து சொல்றேம்மா" என்று உள்ளே வந்திருந்தார்.

கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. மேனேஜர் கோபிக்கவில்லை. பேரேட்டில் அளவுகோலை வைத்து, பதினெட்டாயிரத்து நானூறின்மேல் சிவப்புக் கோடு இழுத்தார்.

"தீந்துச்சு. போற வழியில நாலாம் மெஷினப் பாத்துருங்க. நேத்தும் அறுநூறத் தாண்டல."

நாலாம் மெஷினில், ஒல்லியின் முக்காலியில், புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இரும்பைக் கழுவி, பொத்தானிலிருந்த சில்லையும் எடுத்திருந்தார்கள்.

"ரெண்டு பொத்தானையும் அமுக்கணுமாம், மாமா. கை வலிக்குது. வேற வழி இல்லியா?"

திறந்திருந்த கதவு வழியே கேட் தெரிந்தது. அவரைக் கண்டுவிட்ட ஒல்லியின் மனைவி அங்கிருந்தே கையை உயர்த்தினாள்.

பிட்டர் குனிந்துகொண்டு மரச்சில்லைச் சீவத் தொடங்கினார்.