முழுக்கைச் சட்டை

இதில் ஓர் எழுத்து பொய்யென்றால் என் நாக்கில் கொப்புளம் கிளம்பட்டும்.

அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் வேலம்மா கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. கையுறைகள் முன்கூடத்தில் இருந்தன, படித்தவர்களுக்கு.

முன்கூடத்தில் மனிதத் தோலின் செல்களில் என்னென்ன புரதங்கள் உண்டு என்று பட்டியல் போட்டார்கள். நல்ல தோலையும் செதில் உதிரும் நோய்த் தோலையும் ஒப்பிட்டால் நோயின் வேர் பிடிபடுமாம். அதற்கோர் இயந்திரம். சைதாப்பேட்டையில் ஒருவர் தலையைச் சொறிந்தால் இங்கே திரையில் கோடு எகிறும். வாசலில் மீன்காரர் போன அன்று வஞ்சிரம் என்று சரியாகச் சொன்னது. விலைதான் சொல்லவில்லை.

அந்த இயந்திரம், நோய்த் தோலுக்கே உரிய ஒரு புரதத்தை நல்ல தோலிலும் காட்டத் தொடங்கியது. பட்டியல் மொத்தமும் பாழ். யாரோ ஒருவரின் தோல் உதிர்ந்து குப்பிகளில் கலக்கிறது என்றார் தலைமை ஆய்வாளர் அனந்தராமன். சித்திரை வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பவர் அவர்.

அங்கே எல்லோருக்கும் தோல் இருந்தது. சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னது வேலம்மாவை மட்டும்.

"குளுருக்குப் போட்டுக்கினு கீறேன் ஸார்."

அவள் மெதுவாகச் சுருட்டினாள். முழங்கையிலிருந்து வெள்ளைச் செதில்கள் பளபளத்த தரையில் உதிர்ந்தன. சட்டென்று குனிந்து, அவற்றை விரலால் ஒற்றி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"யாருக்கும் ஒட்டாது ஸார். கெவுர்மெண்டு ஆஸ்பத்திரில சொன்னாங்க."

"ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா நாளைலேர்ந்து வர வேண்டாம்."

அங்கே எந்த நோயை ஆராய்கிறார்கள் என்பதை ஆராய்ச்சி மாணவி ஹம்சா அப்போதுதான் அவளுக்குச் சொன்னாள், தரையைப் பார்த்தபடி.

"இந்த நோவுக்கா இத்தினி நாளா தேடிக்கினு கீறீங்க? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. எடுத்துக்கங்க ஸார்."

வேலை செய்கிறவர்களிடம் தோல் எடுக்க விதி இடம் தராது என்றார் அனந்தராமன்.

"அதான் நாளைலேர்ந்து நான் வேலைல இல்லியே."

அவர் தன் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேலம்மா சட்டைக் கையை இறக்கிவிட்டு, மிச்சக் குப்பிகளையும் கழுவிக் கவிழ்த்தாள். பஸ்ஸில் காலியாக இருந்த இடத்தில் உட்காராமல், கம்பியைப் பிடிக்காமல் சைதாப்பேட்டை வரை நின்றே போனாள்.

அடுத்த மாதம், கையுறை போட்ட புது ஆள் கழுவிய குப்பிகளிலும் அதே புரதம் இருந்தது.