ரூபினியின் தேயிலைச் சரிவு

விமலன் லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு எங்கள் தோட்டத்து லயன் வீட்டுக்கு ஏறி வந்தான். கோலாலம்பூரில் முட்டைக்கோசை இறக்கிவிட்டுத் மலைமேல் திரிங்காப்புக்குத் திரும்பும் வழியில் எப்போதாவது இப்படி வருவான். நான் சாப்பிட்டேனா என்று கேட்க மாட்டான். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு வேறு எதையாவது பேசுவான்.

"மச்சான், தெரியுமா? ரூபினி ஆடுன கேம மூடுறானுங்க."

நான் தட்டு எடுக்கப் போனேன்.

"முழுசா மூடல. ரெண்டு சர்வர ஒண்ணாக்குறானுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள எவன் வந்து நெலத்த பராமரிக்கிறானோ அவன் நெலம் மட்டும் புதுசுக்குப் போவும். மத்ததெல்லாம் காடாயிரும். ஆளே இல்லலா. ஈ ஓட்டுது. நம்ம கேம பாரு, சாயங்காலம் ஆனா உள்ள நொழையவே க்யூ நிக்கணும்."

இணையத்தில் அவனும் நானும் ஆடுவது ஒரு வகை விளையாட்டு. தீம் பார்க் என்பார்கள். வாசலிலேயே ஒருவன் நிற்பான், ஓநாயைக் கொன்று தோலைக் கொண்டு வா என்பான். கொண்டுபோனால் வாள் தருவான், அடுத்த ஊருக்கு வழி காட்டுவான். அங்கே இன்னொருவன் நிற்பான். என் மனைவி ரூபினி ஆடியது சாண்ட்பாக்ஸ். குழந்தைகளின் மணல்தொட்டியை வைத்து வந்த பெயர். உள்ளே போனால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வெறும் நிலம், ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த உலகத்து மழையில் சும்மா நின்றுகொண்டிருந்துவிட்டு, சிரித்தபடி எழுந்து வந்தாள். பிறகு ஒரு சரிவைப் பிடித்துக்கொண்டு படி வெட்டித் தேயிலை நட்டாள். பகலெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலங்களைச் சரிபார்க்கிறவள்.

"காலைலருந்து தேயில, வீட்டுக்கு வந்தும் தேயிலயா? கிறுக்கா தங்கச்சி ஒனக்கு?" என்று விமலன் ஒருமுறை கேட்டான்.

"இங்க உள்ளது தோட்டத்துக்காரனோடதுண்ணே. அது என்னோடது."

என்னையும் விடமாட்டாள். தோட்டத்தின் சுற்றுப்பயணிகள் மையத்தில் எனக்கு வழிகாட்டி வேலை. இந்தப் பக்கம் வாருங்கள், இது இலை வாடவைக்கும் இடம், இது உருட்டும் இயந்திரம், இங்கே நின்று படம் எடுங்கள், கடைசியில் கடை. "பகல்ல அவங்களுக்கு நீங்க வழி காட்டுறீங்க. வீட்டுக்கு வந்தா ஒங்களுக்கு எவனோ வழி காட்டுறான்" என்பாள்.

பிப்ரவரியில் ஒரு காலை தலை வலிக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததாகப் பிறகு சொன்னார்கள். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனேன். அதே பாதை, அதே வாக்கியங்கள். அவள் இறந்ததை நான் என் வாயால் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் செய்தி எனக்கு முன்னால் நடந்துபோய்விட்டது. எல்லோரும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் வந்தார்கள்.

"நெலம் போனா போவுது, விடு" என்றான் விமலன், செருப்பை மாட்டியபடி. "நம்ம பக்கம் வா. நீ இல்லாம கேமுல வைத்தியம் பாக்க ஆளில்ல, மொத சண்டையிலேயே எல்லாரும் செத்துப்போறோம்." சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. "சாரிடா" என்றான்.

"பரவால்ல" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சில மாதங்களாக என் நிலைமை.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு. மதியம் மூடுபனி இறங்கியிருந்தது. லயனில் சிக்னல் கிடைப்பது சன்னலோரம் மட்டும்தான். அங்கே அவளுடைய மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லை அது நினைவில் வைத்திருந்தது. அந்த நிலம் காடாகக் கூடாது என்று மட்டும் இருந்தது. வேறு எதன்மீதும் எனக்கு அப்படித் தோன்றி வெகுநாளாகிறது. அவளுடைய துணிகளை அத்தை எடுத்துப் போனபோதுகூடத் தோன்றவில்லை.

உள்ளேயும் மழை, மூடுபனி. ரூபினியின் உருவம் சிவப்பு மழைச்சட்டையோடு சரிவின் உச்சியில் நின்றது. படிப்படியாகத் தேயிலை, கீழே ஒரு ஓடை. களை மண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவு இல்லை. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். ஆனால் கொழுந்து கிள்ளாததால் செடிகள் தலைக்கு மேல் மரமாக வளர்ந்து, நிரைகளுக்கு நடுவே நடக்க வழியில்லை. திரையின் மூலையில் எழுத்துகள் வந்தன. அனுப்பியவர் பெயர் பெர்த்தாம் குயின். பக்கத்து நிலத்துக்காரி. அந்தப் பெயரைச் சொல்லி ரூபினி சிரித்துக் கேட்டிருக்கிறேன்.

"ஏய் ரூபி!! உசுரோடதான் இருக்கியாடி?"

எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன மாசம்? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவ மாட்ட? ஒன் களையெல்லாம் நாந்தான் புடுங்கிட்டுக் கெடக்குறேன். முதுகு போச்சு."

"இருக்கேன்" என்று தட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. விரல் தானாகத் தட்டியது.

"ஒன் வீட்டுக்காரரு விடலியா? அந்த க்யூ நிக்கிற மனுசன்?"

நான் அங்கே க்யூ நிற்கிற மனுசனாக இருந்திருக்கிறேன். "இல்ல. அவரு நல்லவரு" என்று பதில் போட்டேன்.

"அய்யே. சரி சரி, வேலையப் பாரு. ஞாயித்துக்கெழமக்கிள்ள ஒன் நெலம் நெலமாத் தெரியணும்" என்று எழுதிவிட்டு அவளுடைய உருவம் ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

களை பிடுங்கினேன். பிறகு செடிகளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை இது. என் அப்பா கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். கிள்ளாமல் விட்ட தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். சில வாரங்கள் மலையே எரிந்துபோனதுபோலக் கிடக்கும். பிறகு கட்டையிலிருந்து துளிர் கிளம்பும். ரூபினியின் பையில் கத்தி இருந்தது. எடுத்து, மேல் நிரையிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சத்தம் வந்தது. கிளை சாய்ந்தது, அடுத்த செடி. சரிவில் பாதி வந்துவிட்டேன். பல மாதங்களில் முதல் முறையாக ஒரு வேலையின் நடுவே நேரம் போனது தெரியவில்லை.

"ஏய் ஏய் ஏய்! நிறுத்து! என்னா பண்ற?"

பெர்த்தாம் குயின் ஓடையில் தண்ணீர் தெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"கவ்வாத்து" என்று தட்டினேன்.

அவள் உருவம் அப்படியே நின்றது. பிறகு எழுத்துகள் வந்தன.

"இங்க வெட்டுனா தழைக்காது. வெட்டுனா செத்துரும். இது ஒனக்குத் தெரியும். மொத வருசம் நீ ஒரு நெர முழுக்க வெட்டிட்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாம ரெண்டு நாளா அழுதேன்னு எங்கிட்ட சொன்ன."

எனக்குத் தெரியாது.

"நீ ரூபி இல்ல. யாரு நீ?"

வெட்டிய பாதியைப் பார்த்தேன். நான் ஆடும் விளையாட்டில் ஓநாயைக் கொன்றுவிட்டுத் திரும்பினால், அது அதே இடத்தில் மறுபடி நின்றுகொண்டிருக்கும். அடுத்தவன் வந்து கொல்வதற்காக. க்யூ நிற்பது அதற்காகத்தான். இங்கே கட்டைகள் நின்றன, நிரை நிரையாக. மழை அடங்கி மூடுபனி விலகி, அந்த உலகத்தில் வெயில் வந்தது. கட்டைகள் அப்படியேதான் இருந்தன.

"மகேன். அவ வீட்டுக்காரன்."

"ரூபி எங்க?"

போய்ட்டா என்று தட்டினேன். அழித்தேன். போனவள் வரலாம் என்று இவள் நினைத்துவிடுவாள். சன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்கள். நான் எழுதினேன்.

"செத்துட்டா. பிப்ரவரியில."

அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்த எழுத்துகளை, வேறு யாரோ எனக்குச் சொன்னதுபோல, திரும்பத் திரும்பப் படித்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் ஈரம் இறங்கியது, துடைக்கவில்லை.

வெளியே மோட்டார் ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"எம் பேரு ஐவி" என்று வந்தது. "நெசமாவே பெர்த்தாம் ஊருக்காரிதான். பூ பண்ணையில வேல." பிறகு, "நேர்ல ஒரு தடவ பாப்போம்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். இருவது நிமிச ரோடு."

கத்தியை ரூபினியின் பைக்குள் திரும்ப வைத்தேன்.

"கீழ உள்ள செடிங்கள தொடாதீங்கண்ணே. அது நின்னாப் போதும். நெலம் புதுசுக்கு வந்துரும்."

"சரி."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மேல் நிரைக்கு ஏறினாள். நான் வெட்டிப் போட்ட கிளைகளில் ஒன்றைத் தூக்கி, ஒரு கட்டையின் மேல் கவிழ்த்து வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். தோட்டத்தில் கவ்வாத்து முடிந்ததும் அப்படித்தான் செய்வார்கள், பச்சைக் கட்டையை வெயில் சுடாமல் இருக்க. இந்த விளையாட்டின் வெயில் எதையும் சுடாது. அது அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு கட்டையாக மூடிக்கொண்டு வந்தாள், அவசரமில்லாமல்.

நான் நிரையின் மறுமுனைக்கு நடந்தேன். சிவப்பு மழைச்சட்டை சரிவின் குறுக்கே போனது. ரூபினி குனிந்து முதல் கிளையை எடுத்தாள்.