சுவரில் இரண்டு கீறல்

"வண்டிய வித்துரலாம் மலரு. புரோக்கர நாளைக்கு பண்ருட்டி மண்டிக்கே வரச் சொல்லிட்டேன்."

மஞ்சக்குப்பத்து வீட்டு வாசலில் லாரியின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்த மலர்க்கொடி நிமிரவேயில்லை. கணவன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்த லாரிதான். அவனுடைய அண்ணன் காத்தவராயனுக்கு அதுவும் கண்ணை உறுத்தியது.

"நாளைக்கு பலா லோடு ஏத்துறேன் மாமா."

"மட்கார்டு இல்லாத வண்டிக்கு லோடு கெடையாதுன்னு மண்டிக்காரரு சொல்லிட்டாரே. பின்னாடி வர்றவன் கண்ணாடியெல்லாம் சேறாம்."

"அதத்தான் மாட்டுறேன். லோடு ஏறலன்னா வித்துக்குங்க. ஏறிட்டா, இந்தப் பேச்சு இன்னொரு தரம் வரக் கூடாது."

டிரைவர் சுப்பிரமணியன் மட்கார்டு ரப்பரைச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டுப் பிடித்து, தரைக்கு நாலு விரல் மேலே சாக்பீஸ் கோடு போட்டு, கத்தியை எடுத்தார். மலர்க்கொடியின் பார்வை தற்செயலாகக் காம்பவுண்டு சுவருக்குப் போனது. பின்பலகையின் இரும்புப் பட்டை உரசிய கீறல்கள் இரண்டு. மேலே இருந்தது காலி வண்டி உரசியது. கீழே இருந்தது, லோடோடு நிறுத்திய நாளில் உரசியது.

"நிறுத்துங்கண்ணே! லோடு ஏறினா வண்டி அமுங்கும். ரப்பர் தரையில இழுபடும். ரிவர்ஸ் எடுத்தா டயர்ல மாட்டிப் பிஞ்சுரும்."

கீறல்களுக்கு நடுவே விரல் வைத்து அளந்தாள். ஆறு விரல். கோட்டை அத்தனை உயரம் ஏற்றி, அவளே அறுத்தாள். அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ரப்பரில் ஓட்டை போட்டு, போல்ட்டை முறுக்கினாள்.

காத்தவராயன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னம்மா, வண்டிக்கு அரைப்பாவாடையா?"

"காலி வண்டிக்கு அரைப்பாவாடைதான் மாமா."

மறுநாள் மண்டிக்காரரும் முகம் சுளித்தார். "மட்கார்டு ரொம்ப ஏறி நிக்குதேம்மா."

"ஏத்திப் பாருங்க. நாலு விரலுக்கு மேல இடைவெளி இருந்தா, அத்தன பழத்தையும் நானே எறக்குறேன்."

பலாப்பழங்கள் ஏற ஏற வண்டி அமுங்கியது. கடைசிப் பழம் ஏறியதும் மண்டிக்காரர் குனிந்து ரப்பருக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தார். நாலே விரல்.

"கெளப்பச் சொல்லும்மா," என்றார்.

காத்தவராயன் புரோக்கரோடு ஓரமாக நின்றிருந்தார். மலர்க்கொடி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"வண்டிய பாக்க வந்தவர பின்னாடி நின்னு நல்லா பாக்கச் சொல்லுங்க மாமா. பயப்படாதீங்க, சேறு அடிக்காது!"