சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

காரைக்குடி செக்காலை ரோட்டில் மலையாண்டி ஓர் அச்சகம் வைத்திருந்தார். அங்கே கம்ப்யூட்டர் வந்தது வேலைக்காக அல்ல. எதிர்வரிசையில் சத்தியமூர்த்தியின் அச்சகத்துக்கு வந்துவிட்டதே, அதற்காக. தொண்ணூற்றாறாம் வருஷம் சித்திரையில் மதுரையிலிருந்து வேனில் வந்து இறங்கிய அன்றே, கம்ப்யூட்டர் அறையை விட அகலமான போர்டு வாசலில் ஏறிவிட்டது.

அறைக்கு ஏ.சி. போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களை உட்கார வைத்து, திரையில் கலர் கலராக மீன் நீந்துவதைக் காட்டினார். அந்த மீனைத் தவிர அவருக்கு அதில் வேறெதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

தெரிந்த ஒரே ஆள் பவுலின். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். கேட்டாள்.

"கரண்டு போனா நீயும் செத்த நேரம் சும்மா இரு."

அடித்ததைத் திருத்த, தாளில் ஒரு பிரதி எடுக்கக் கேட்டாள்.

"அதான் கண்ணாடியில தெரியுதுல்ல? தாளு என்ன ஓசியிலயா வருது?"

ஆறு ஃப்ளாப்பியில் பதிந்து வைத்ததை இன்னொரு செட் எடுத்து வேறிடத்தில் வைக்கலாம் என்றாள். மலையாண்டி வாசல்வரை கேட்கும்படி சிரித்தார்.

"ஒரு பொண்டாட்டிக்கு ரெண்டு தாலியா கட்டுவாக?"

பவுலின் மறுநாள் தன் காசில் ஒரு பெட்டி ஃப்ளாப்பி வாங்கினாள். வாரம் ஒருமுறை அதில் பிரதி எடுத்துச் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அப்போது அடித்துக்கொண்டிருந்தது உமையாள் ஆச்சியின் புத்தகம். ஆச்சி நெற்குப்பை ஊர்க்காரர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆச்சியின் சமூக வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் கோயிலுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு என்று சிதறிக் கிடந்தன. இரண்டு வருஷம் கடிதம் மேல் கடிதம் எழுதி, அறுநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளின் படிவங்களையும் ஆச்சி சேர்த்திருந்தார். தீபாவளிக்கு ஊர் கூடும்போது முகவரிப் புத்தகம் எல்லார் கையிலும் இருக்கவேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்திய நாள் கடைசிப் படிவத்தையும் அடித்து முடித்துவிட்டுப் பவுலின் வீட்டுக்குப் போனாள். அவள் போனதும் மலையாண்டி அச்சகத்தைச் சுத்தம் செய்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு படிவங்களும் அவர் கண்ணில் குப்பையாகப் பட்டன. 'எல்லாம்தான் உள்ளே ஏறிவிட்டதே!' பழைய பேப்பர் வண்டியில் தூக்கிப் போட்டார்.

மறுநாள் பூஜை. கட்டிங் மிஷினுக்குச் சந்தனம், கத்தரிக்குச் சந்தனம், ஏணிக்கு, ஸ்கூட்டருக்கு, பசைச் சட்டிக்குச் சந்தனம். கடைசியில் ஆள்களோடு ஏ.சி. அறைக்குள் வந்தார்.

"முதலாளி, மிஷினை அணைச்சுர்றேன்" என்றாள் பவுலின்.

"அணைக்கிறதாவது! சரஸ்வதி கண்ணை மூடிக்கிட்டா பூஜை வாங்குவா? மீன் ஓடட்டும்."

திரைக்குப் பட்டை, விசைப்பலகைக்கு வரிசையாகப் பொட்டு. பிறகு ஆறு ஃப்ளாப்பிகளையும் தாம்பாளத்தில் வாங்கினார். ஒன்றை எடுத்து, மேலே இருந்த தகர மூடியை விரலால் ஒதுக்கினார்.

"ஐயோ, அங்க தொடக்கூடாது முதலாளி!"

"எழுத்து இதுக்குள்ளதான இருக்கு? மேல வச்சா அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? நீ வேதக்காரப் பிள்ள, உனக்கு இது தெரியாது. பேசாம இரு."

ஆறு ஃப்ளாப்பியின் உள்தகட்டிலும் குளிரக் குளிரச் சந்தனம், நடுவில் குங்குமம். அதோடு விட்டாரா? மாவிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கி, கம்ப்யூட்டர் பெட்டியின் காற்றுத் துளைகள் மேல் மூன்று முறை தாராளமாகத் தெளித்தார். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். மீன்கள் மறைந்தன. துளை வழியே புகை எழுந்தது. சாம்பிராணி என்று நினைத்து இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மதுரையிலிருந்து மெக்கானிக் மாயக்கண்ணன் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"ஹார்டு டிஸ்க் போச்சுண்ணே. காப்பி வச்சிருக்கீகளா?"

மலையாண்டி தாம்பாளத்தை நீட்டினார். மாயக்கண்ணன் ஒரு ஃப்ளாப்பியை எடுத்து முகர்ந்தான்.

"வாசனை நல்லா இருக்கு. பூஜை ரூமிலயே வச்சுக்கங்க. இதச் செருகுனா இருக்கிற டிரைவும் போயிரும்."

மூன்றாம் நாள் உமையாள் ஆச்சி வந்தார். கண்ணேறு கழியட்டும் என்று மலையாண்டி அன்று காலையும் செத்த பெட்டிக்குச் சந்தனம் வைத்திருந்தார்.

"இந்தப் பிள்ள எதையோ அமுக்கிருச்சு ஆச்சி. எல்லாம் அழிஞ்சு போச்சு. படிச்ச பிள்ளைன்னு நம்பி விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஏ பவுலினு, நாளையிலருந்து நீ வரவேணாம்!"

பவுலினுக்கு முகம் சிவந்தது. ஆச்சி அவளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சரி, படிவமெல்லாம் எங்க இருக்கு?"

"பத்திரமா பீரோவுல இருக்கு ஆச்சி. சாவி வீட்டுல."

ஆச்சி கைப்பையைத் திறந்து ஒரு கடலைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"முக்குக் கடையில இப்பதான் வாங்குனேன். பிரிச்சுப் பாருங்க. பினாங்கு மாணிக்கம் வீட்டுப் படிவம். உங்க பீரோவுல கடலையும் வறுக்கிறீகளோ?"

மலையாண்டி பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுலின் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்படியே போயிருக்கலாம். மேசையில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பைக்குள் கைவிட்டு, அன்று வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்தாள்.

"ஆச்சி, போன வாரம் வரைக்கும் அடிச்சது இதுல இருக்கு. கடைசி இருபத்தேழு புள்ளிதான் இல்ல."

மலையாண்டிக்கு உயிர் வந்தது.

"பாத்தீகளா! நம்ம அச்சகத்துல எப்பவுமே ரெண்டு காப்பி. கொண்டா இங்குட்டு!"

"இது என் காசுல வாங்குனது முதலாளி. நீங்க வேணாம்னு சொன்ன ரெண்டாவது தாலி."

"அட, கொடு பிள்ள, நான் பத்திரமா…" என்று கை நீட்டினார். விரல் நுனியெல்லாம் ஈரச் சந்தனம்.

ஆச்சி குறுக்கே வந்து நின்றார்.

"கைய அங்குட்டு எடுங்க."

இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள். சத்தியமூர்த்தி ஃப்ளாப்பிப் பெட்டியை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி:

"இதுக்குப் பூஜை எதுவும் போடலையே?"

விஷயம் ரோடு முழுக்கப் பரவியிருந்தது. பவுலின் முதல் ஃப்ளாப்பியைச் செருகினாள். டிரைவ் கடகடத்தது. அந்த இரண்டு நிமிஷமும் ஆச்சி உட்காரவில்லை. திரையில் முதல் புள்ளியின் பெயர் வந்தது, பிறகு இரண்டாவது. ஐந்நூற்று எண்பத்தைந்தும் இருந்தன. ஆச்சி நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தீபாவளிக்கு முந்தியே கொடுத்துரலாம் ஆச்சி" என்றார் சத்தியமூர்த்தி. "ஆனா அடிக்கிறதுக்கு இந்தப் பிள்ளதான் வேணும்."

"இருபத்தேழுக்கு என்ன செய்ய ஆச்சி?" என்றாள் பவுலின்.

ஆச்சி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"வா, முக்குக் கடைக்காரன் மொத்தப் பொட்டலத்தையும் கட்டித் தீர்க்கிறதுக்குள்ள போயிருவோம். ஏம்மா, உனக்குக் கடலை பிடிக்குமா?"