காகத்தின் ஏழாவது பொருள்

அன்று காலை அவள் மேஜைக்குக் காகம் வந்தது. ஆங்கிலக் காகம். மேலே 'க்ரோ' என்று எழுதிய ஓர் அட்டை, அதன் கீழே ஏழு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே வெற்றிடம். தமிழில் பொருள் எழுதி, அது விளங்குகிற மாதிரி ஓர் உதாரண வாக்கியமும் எழுத வேண்டும். பத்தொன்பது வருடமாக அவளுக்கு இதே பிழைப்புதான். அந்த அகராதி அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் முற்றுப்புள்ளி. யாராவது வாக்கிய முடிவில் புள்ளி வைக்க மறந்துவிட்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அவர்கள் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவாள். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

முதல் ஆறு பொருளும் மளமளவென்று முடிந்தன. பறவை. சேவல் கூவுவது. கைக்குழந்தை சந்தோஷத்தில் கத்துவது. ஜெயித்துவிட்டுத் தம்பட்டம் அடிப்பது. கண்ணோரத்துச் சுருக்கங்களை ஆங்கிலத்தில் காகத்தின் கால்கள் என்பார்கள். அதை எழுதும்போது அவள் கை தானாகக் கண்ணோரம் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது. ஆறாவது, காகம் பறக்கிற வழி. வளைவு நெளிவு இல்லாத நேர்தூரம். 'ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தங்கை வீடு, காகம் பறக்கிற வழியில் இரண்டே கிலோமீட்டர்தான்' என்று எழுதினாள். பேருந்தில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்பது. அவள் அங்கே போய் ஆறு வருடம் ஆகிறது.

ஏழாவது, 'ஈட் க்ரோ'. காகத்தைத் தின்பது. அடித்துப் பேசிய விஷயம் தப்பு என்று தெரிந்த பிறகு, பேசிய அதே வாயால் அதை ஒப்புக்கொள்வது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"என்னக்கா, காக்கா தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்று அடுத்த மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார் பக்கம் அமைப்பவர். அவளைவிடப் பத்து வயது சின்னவர், வாய் சும்மா இருக்காது. "நம்மாளு காரியம் ஆகணும்னா காக்கா பிடிப்பான். இவன் என்னடான்னா அதைத் தின்னே தீர்த்துட்டான்!"

அவள் சிரிக்கவில்லை. ஒரு வாக்கியத்தை எழுதி அட்டையை அவரிடம் நீட்டினாள். 'அக்கா தன் தவறைத் தங்கையிடம் ஒப்புக்கொண்டாள்.' முற்றுப்புள்ளி சரியாக இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இந்தப் புதுப் பதிப்பை முழுசாப் படிக்கிற ஒரே பைத்தியம் நான்தான். 'அப்பாலஜி'ல ஒரு அக்கா தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேக்குறா. 'பிளேம்'ல ஒரு அக்கா பழியைத் தன்மேல போட்டுக்குறா. 'கன்ஃபெஸ்'லயும் அதே கதை. இப்ப காக்காவுக்கும் அக்காதான். அவ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கா. தங்கச்சி என்ன சொன்னான்னு ஒரு வாக்கியத்துலயும் காணோமே?"

"குடுங்க தம்பி. வேற எழுதித் தரேன்" என்று அட்டையை வாங்கிக்கொண்டாள். காது இரண்டும் சுட்டன.

நடந்தது இதுதான். ஆறு வருடத்துக்கு முன், அகராதியின் முதல் பதிப்பு அச்சுக்குப் போகவேண்டிய அவசரத்தில், தொல்லை வேண்டாம் என்று போனைச் சத்தமில்லாமல் செய்து டிராயருக்குள் போட்டிருந்தாள். மத்தியானம் சித்தப்பா அலுவலக எண்ணில் கூப்பிட்டு, அம்மா போய்விட்டாள் என்றார். போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அம்மா பக்கத்தில் இருந்த தங்கையைப் பார்த்ததும், "ஒரு போன் பண்ணத் தோணலையா உனக்கு?" என்று கத்தினாள். "பண்ணேன்க்கா" என்றாள் தங்கை. "பொய் சொல்லாதே. கடைசியா அம்மா முகத்தைப் பார்க்க விடாமப் பண்ணிட்டியேடி பாவி!" என்றாள் இவள், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும். அடுத்த வாரம் வேலைக்கு வந்து டிராயரைத் திறந்தபோது போன் செத்துக் கிடந்தது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தாள். பதினோரு அழைப்புகள். பதினொன்றும் தங்கை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஓர் அழுகையோடு போயிருக்கும். கௌரவம் விடவில்லை. நாளைக்கு, நல்ல நாள் பார்த்து, நேரில் போய் என்று தள்ளிப்போட்டதில் வெட்கம் வட்டிபோட்டு வளர்ந்தது. இப்போது வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் "வரேன்" என்று சொன்னால், திங்கள் காலைவரை வாய்க்கு வேலை இல்லை. சில ஞாயிறுகளில் குரல் இருக்கிறதா என்று பார்க்க இருமிப் பார்ப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் மாடிப்படிக்குப் போனாள். எண் விரலுக்கே மனப்பாடம்.

"சொல்லு" என்றாள் தங்கை. யார் என்று கேட்கவில்லை. பின்னால் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நீ கூப்பிட்டே. பதினோரு தடவை. நான்தான் எடுக்கலை. எல்லார் முன்னாடியும் உன்னைப் பொய்க்காரியாக்கிட்டேன். தப்பு என் மேலதான்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"உன் போன் ரிப்பேரா இருந்திருக்கும்னுதான் நெனச்சேன்" என்றாள் தங்கை. குரல் இறங்கியிருந்தது. "யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அக்கா போன் ரிப்பேரு, நான் கூப்பிட்டது அவளுக்குத் தெரியவே தெரியாதுன்னு. அப்படித்தானே?"

ஐயோ, ஆமாம் என்று ஒரு வார்த்தை போதுமே! தங்கையே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாளைக்கே பாலத்தைச் சுற்றிப் போய் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த 'ஆமாம்' நுனி நாக்கு வரை வந்தது.

"ரிப்பேர் இல்லை. டிராயர்ல கிடந்துச்சு. அடுத்த வாரமே பார்த்துட்டேன்."

"அடுத்த வாரமேவா?"

"ஆமா."

"அப்ப இந்த ஆறு வருஷமும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கையெல்லாம் சோப்பு" என்றாள் தங்கை. "இரு."

போனைக் கல்மேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரங்கள். ஒன்றைத் தேய்த்து, கழுவி, கவிழ்த்து, அடுத்தது. சாப்பிட்டுவிட்டு மேலே ஏறியவர்களுக்கு வழிவிட்டு இவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பக்கம் அமைப்பவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அதன்பின் படியில் யாரும் இல்லை. காது வலித்தது. போனை மறுகாதுக்கு மாற்றினால் அதற்குள் தங்கை ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று மாற்றவில்லை. அந்தப் பக்கம் குழாய் நின்றது. இவள் போனை வலிக்கிற காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது.