தெளிப்புக்கு முந்தின உப்பு

"உங்க வீட்ல என்ன உப்பு சேக்குறீங்க?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது அக்காக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

"சுத்தமான உப்பு சிஸ்டர். மருந்தே படாதது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையும் தலையாட்டினாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். புருஷன் கப்பலில் வேலைக்குப் போனதிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.

அக்காவுக்கு உப்பு ஆலையில் வேலை. அரைத்த உப்பு பெல்ட்டில் ஊர்ந்து வரும். நடுவே ஒரு குழாய் அதன் மேல் அயோடின் கரைத்த நீரைத் தெளிக்கும். அதைத் தாண்டினால் பாக்கெட். வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் அனுமதி உண்டு. மற்றவர்கள் பாக்கெட்டாக எடுப்பார்கள். அவள் மட்டும் குழாய்க்கு முன்னாலேயே அள்ளிக்கொள்வாள். "ஆலையில இருந்துக்கிட்டு ஆலை உப்பத் தின்ன மாட்டாளாம் மகாராணி" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

காரணம் அவள் மகனின் பல். பால் பல் விழுந்து முளைத்ததெல்லாம் பழுப்புக் கோடோடு முளைத்தது. முழங்காலில் அடிபட்டபோது அவனுக்குப் போட்ட அயோடின் மருந்தும் அதே பழுப்பு. இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்? அன்றோடு ஆலை பாக்கெட்டை வீட்டுக்குள் விடவில்லை.

நர்ஸ் தங்கையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"சதை போட்டிருக்கா சிஸ்டர். எல்லாம் என் கைச்சாப்பாடு."

"இது சதை இல்லம்மா. தைராய்டு வீங்கியிருக்கு. அயோடின் பத்தலன்னா இப்படி ஆகும். வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளை வளரவும் அது வேணும்."

தங்கையின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அப்ப என் பையன் பல்லு? அது அயோடினால வந்ததுதானே?"

"அது புளோரைடு. உங்க தெரு போர் தண்ணியில ஜாஸ்தி."

"அதான் நான் சுண்டச் சுண்டக் காய்ச்சித் தர்றேனே! இவளுக்கும் அதேதான்."

"தண்ணிதான் ஆவியாப் போகும். புளோரைடு போகாது. சுண்டினா இன்னும் கூடத்தான் செய்யும்."

"டிவில பல்லுக்கு நல்லதுன்னு பேஸ்ட்ல போடுறாங்களே?"

"அதுவும் உண்மைதான். கொஞ்சமா இருந்தா பல்லைக் காக்கும். பல்லு உருவாகுற வயசுல மிஞ்சினா கறை விழும்."

அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. ஒன்று குறைந்தால் கழுத்து, இன்னொன்று கூடினால் பல். அவள் குறைக்க வேண்டியதைக் கூட்டி, கூட்ட வேண்டியதைக் குறைத்திருக்கிறாள். இல்லை, எதைக் கூட்டினாள், எதைக் குறைத்தாள்?

"பிள்ளைக்கு எதுவும் ஆயிருக்குமா சிஸ்டர்?" தங்கை கேட்டாள்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணுவோம். இப்பவே எதுவும் சொல்ல முடியாது. பயப்படாதீங்க, இன்னைக்கே உப்ப மாத்துங்க."

"உனக்கு நல்லதுன்னுதான்டி..." என்று அக்கா ஆரம்பித்தாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வரும் வழியில் கடையில் ஆலை பாக்கெட் ஒன்றும் பெரிய கேனில் தண்ணீரும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் சோறாக்க அக்கா கேன் தண்ணீரை அடுப்பில் வைத்தாள், அணைத்தாள், மறுபடி ஏற்றினாள். இந்தத் தண்ணீரைக் காய்ச்சலாமா, கூடாதா? உப்பைக் கொதிக்கும்போது போடுவதா, இறக்கிய பிறகா? கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் விட்டுப்போன மாதங்களுக்கெல்லாம் ஈடாகுமா, அதுவும் விஷமாகிவிடுமா? ஒரு சிட்டிகை போட்டாள். பாதியைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள். அது கரைந்துவிட்டிருந்தது.

தட்டில் சோற்றைப் போட்டு நீட்டினாள். "சாப்பிடுடி. புது உப்பு. வேணும்னா பாக்கெட்ட நீயே பாத்துக்கோ."

தங்கை தட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள்.

"எங்க கிளம்புற? உன் மாமியார் வீட்டுக்கா? அவங்க வீட்டுத் தண்ணி மட்டும் எப்படின்னு யாருக்குடி தெரியும்? பேசுடி. திட்டவாவது செய்."

தங்கை செருப்பை மாட்டினாள். ஒரு கையில் பை, மறு கை வயிற்றின் மேல். படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கிப் போனாள்.